காரின் எண்ணெயை நாமே அளந்தறியலாம்

கிள்ளானைச் சூழ்ந்துள்ள தோட்டங்களிலிருந்து, தீபாவளிக்குத் துணிமணி எடுப்பதற்காகப் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடும்பத்தோடு காரில் செல்வோர் உளர். புறப்படுமுன் பெட்ரோல் நிரப்புகின்றனர்; சக்கரங்களில் காற்றுப் பார்க்கின்றனர். இயந்திர எண்ணெயை மட்டும் மறந்துவிடுகின்றனர். கேட்டால், "சிவப்பு விளக்குத்தான் எரியவில்லையே!" என்பர்.

பெரும்பாலான கார்களில் அவ்விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று; அதன் அழுத்தத்தைக் காட்டுவது. இயந்திரத்தின் அடித்தொட்டியில் தங்கும் எண்ணெயைப் பம்பு ஒன்று உறிஞ்சி, சுழலும் உறுப்புகளுக்குச் செலுத்துகின்றது. எண்ணெய் மிகக் குறைந்து, பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும்போதே அழுத்தம் வீழ்ந்து விளக்கு எரியும். அதற்குள் உலோகத்தோடு உலோகம் உராயத் தொடங்கியிருக்கலாம். கூட்டரசு நெடுஞ்சாலையில் அவ்விளக்கு எரிந்தால், அடுத்த பெட்ரோல் நிலையம்வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணற்க. பாதுகாப்பாக ஓரங்கட்டி, உடனே இயந்திரத்தை நிறுத்துக. ஒரு லிட்டர் எண்ணெயின் விலை பெரும்பாலும் ஒரு நாட்கூலிக்குள் அடங்கும். பழுதான இயந்திரமோ மாதக்கணக்கான கூலியை விழுங்கிவிடும்.

எண்ணெயை அளப்பதற்குப் பட்டறை தேவையில்லை. 1985 சூலை 9ஆம் நாள் அறிமுகமான முதல் தேசியக் காராகிய புரோட்டோன் சாகாவிலும் சரி, இன்று நம்மிடையே ஓடும் பெரும்பாலான கார்களிலும் சரி, போனட்டைத் திறந்தால் வளையப் பிடியுள்ள மெல்லிய கோல் ஒன்று தென்படும். அதுவே 'டிப்ஸ்டிக்' எனப்படும் அளவுகோல்.

மழையால் வெட்டு இல்லாத காலைப்பொழுது இதற்கு ஏற்றது. இரவெல்லாம் நின்ற காரில் எண்ணெய் முழுதும் அடியில் இறங்கியிருக்கும். ஓட்டி வந்த கார் எனின், இயந்திரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். லயத்து முற்றம் சரிவாக இருந்தால் காரைச் சமதரைக்குக் கொண்டுசெல்க. சரிவில் அளவு பொய்யாகும். கோலை உருவிப் பழந்துணியால் துடைத்து, மீண்டும் அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். முதலில் உருவியபோது காணும் அளவை நம்பலாகாது. எண்ணெய்க் கறை இரு குறிகளுக்கு இடையே இருத்தல் வேண்டும். கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் உள்ள வேறுபாடு பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டராகும்.

குறைந்திருந்தால், கையேட்டில் குறித்துள்ள தரத்து எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி மறுபடியும் அளக்க வேண்டும். மேற்குறியைத் தாண்டினால், சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த எண்ணெய் உறுப்புகளைக் காக்காது.

நிறத்தையும் கவனிக்கலாம். பட்டறையினர் இதனை 'மிஞ்ஞாக் ஈத்தாம்', அதாவது கறுப்பெண்ணெய் என்பர். புதிய எண்ணெயோ தேன்நிறத்தது! ஓட ஓடக் கறுப்பது இயல்பு. ஆனால், மங்கில் சேர்ந்த பால்போல் வெளுத்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருத்தல் கூடும். அக்காரை ஓட்டாது, பழுதுபார்ப்பவரை அழைத்துக் காட்டுக.

மாதம் இருமுறையேனும் அளந்து, கார் ஓடிய கிலோமீட்டரையும் ஊற்றிய எண்ணெயின் அளவையும் சுவர் நாட்காட்டியில் குறித்து வருக. பழைய காரொன்று எவ்வளவு எண்ணெய் குடிக்கின்றது என்பது அதனால் தெரியும். திடீரென மிகுதியாகக் குறைந்தால், கார் நின்ற தரையில் கறை உண்டா, புகை நீலமாக வருகின்றதா என்று பார்த்து, அதனைப் பட்டறையில் தெரிவிக்கலாம்.