ஓரியின் கொடையும் கொடுமுடிக் குரலும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் வண்மையை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அவனை நாடிச் சென்ற கூத்தர், வெள்ளி நாரில் தொடுத்த மணிக்குவளைக் கண்ணியும் அணிகலன்களும் யானைகளும் பெற்றனராம். பசி அறவே நீங்கியதால், அவர்கள் ஆடவும் மாட்டாராய்ப் பாடலையும் மறந்தனர் என்கிறார் புலவர்.

கொடையின் பெருக்கைப் புலப்படுத்தவே அவர் அவ்வாறு கூறினார். ஆயினும், வயிறு நிறைந்தால் கலை வற்றிவிடும் என்று வாதிப்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இப்பாட்டு அனுகூலமான சாட்சியாகத் தோன்றலாம். எதிர்சாட்சியாக நாம் கே. பி. சுந்தராம்பாளை அழைக்கிறோம்.

கொல்லிமலைக்குத் தென்மேற்கே, காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர் அவர். குடும்பத்தின் வறுமையால், சிறு பிராயத்தில் ரயில் வண்டிகளில் பாடிக் காசு பெற்றார். அங்கே அவருடைய கணீரென்ற சாரீரத்தைக் கேட்டோர் நாடகமேடைக்கு வழிகாட்டினர். இலங்கையிலும் அவர் கீர்த்தி பரவிற்று. 1926-ல் கொழும்பில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் நடிக்கத் தொடங்கினார். மேடைத் துணை வாழ்க்கைத் துணையாயிற்று. 1933-ல் கிட்டப்பா காலமானபோது அம்மையாருக்கு வயது 25. அன்றுமுதல் வெள்ளுடையே தரித்தார். ஆடவருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

1935-ல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே வேடம் புனைந்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் அது எத்துணை பெரிய தொகை என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். லட்சம் கைக்கு வந்ததும் பாட்டு மறந்துவிட்டதா? காங்கிரஸ் பிரசார மேடைகளில் அக்குரல் ஜனத்திரளை ஈர்த்தது. 1951-ல் அவர் சென்னை மேல்சபை அங்கத்தினரானார். 1953-ல் ‘ஔவையார்’ படத்தில் தமிழ் மூதாட்டியாகத் தோன்றி நாடெங்கும் புகழ் பெற்றார். 1969-ல் வந்த ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றார். அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது. 1980-ல் மறையும்வரை அவர் பாட்டை விட்டாரில்லை.

பசி அக்குரலைப் படைக்கவில்லை. அதைத் தெருவில் நிறுத்தியது. ரயிலில் காசு போட்டவர் பலர். மேடை கொடுத்தவர் மிகச் சிலரே. அச்சிலர் வாய்க்காமல் அவிந்துபோன குரல்கள் எத்தனையோ!

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் சர்க்கார் ஓரிக்கு விழா எடுக்கிறது. அவ்விழாவில் ஆடுவோரும் பாடுவோரும் பொன்னாடையோடு மட்டுமின்றி, நிறைந்த ஊதியத்தோடும் மலையிறங்க வேண்டும். முதுமையிலும் அவர்களைக் காக்க ஏற்பாடு வேண்டும். ஓரிக்கு அதுவே தக்க மரியாதை. அதனால் பாட்டு மறந்துவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.