பொதுப்பணமும் நெல்லாராய்ச்சியும்

அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தை உயர்தர வகுப்பிற் கற்பிக்கும்போது ஒவ்வோராண்டும் ஒரு வினா எழுவதுண்டு. வீதியும் மருத்துவமனையும் கண்ணுக்குத் தெரிவன. ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்படும் பணம் எங்கே போகின்றது? வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து வரும் மாணவரே இதனை மிகுதியுங் கேட்பர். அவர்கட்கு நான் கூறும் விடை, "உங்கள் தந்தையார் இப்போகம் விதைத்த நெல்லின் பெயர் யாது?" என்னும் எதிர்வினாவேயாம். பீ.ஜீ. என்றோ ஏ.ரீ. என்றோ தொடங்கி ஓர் எண்ணோடு முடியும் பெயரைச் சொல்வர். அவ்வெழுத்துக்கள் இரண்டு ஊர்களைக் குறிப்பன என்பதை அறிந்தவர் அவர்களுட் சிலரே.

பீ.ஜீ. என்பது பத்தலகொட, ஏ.ரீ. என்பது அம்பலாந்தோட்டை. குருணாகல் மாவட்டத்துப் பத்தலகொடவில் 1952ஆம் ஆண்டு விவசாயத் திணைக்களம் நெல்லினப் பெருக்க நிலையமொன்றை நிறுவியது. அக்காலத்து நிலைமையை நினைவுகூர்தல் வேண்டும். நாட்டுக்கு வேண்டிய அரிசியிற் பாதியளவு கடல் கடந்தே வந்துகொண்டிருந்தது. அதே 1952இல் இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் ஒப்பந்தம் சீனாவோடு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஆகத்து மாதத்தில் ஹர்த்தால் மூண்டது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசி அரசையே அசைத்த காலம் அது. அந்நாளிலே ஒரு வயலில் நெற்பூவின் மகரந்தப்பைகளைக் களைந்து, வேறோர் இனத்தின் மகரந்தத்தைத் தூவி, விளைந்த மணியைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தோரைப் பொருட்படுத்தியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அம்முயற்சியின் முதற் பெரும்பேறு 1958இல் வெளிவந்த எச்-4 ஆகும். ஹெக்டர் வீரரத்ன முதலிய ஆராய்ச்சியாளர் இதனை உருவாக்கினர். இதன் தாய்தந்தையருள் ஒன்று மாஸ் என்னும் இந்தோனேசிய இனம், மற்றையது முருங்கைக்காயன். பெயரைக் கேட்டவுடனே இது நம்மவர் வயலிற் பயின்ற நெல்லென்பது விளங்கும். பெயர் தெரியாத உழவர் பல தலைமுறையாகக் காத்த விதையிலிருந்து ஆராய்ச்சியாளர் தூய வழியொன்றைத் தெரிந்தெடுத்துக் கலந்தனர். விளைவு மிகுந்ததாயும் எரிபந்த நோயைத் தாங்கவல்லதாயும் அமைந்தமையால், எச்-4 சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் பரவியது.

பரவிய விதத்திலேதான் பொருளியலார் நோக்கவேண்டிய செய்தி உளது. என் பாட்டனார் 1960களில் எச்-4 விதைத்தவர். முதலில் ஒரு சாக்கு விதைநெல்லையே அவர் பெற்றாராம். அடுத்த போகத்திற் சூடடித்தபோது களவெட்டியிலேயே அயலவர் இருவருக்கு மரைக்கால் கணக்கில் விதை மாற்றிக் கொடுத்தார். அவர்கள் தம் உறவினருக்குக் கொடுத்தனர். மூன்று போகத்தில் அந்த வட்டை முழுவதும் அந்நெல்லே. நெல் தன்மகரந்தச் சேர்க்கையுடைய பயிராதலால், விளைந்த நெல்லே மறுபோகத்துக்கு மாறாத விதையாகின்றது. இத்தகைய விதையை உருவாக்கப் பல்லாண்டுகள் பணத்தைக் கொட்டும் வணிகன் யார்? ஒரு சாக்கை விற்றதும் அவன் சந்தை முடிந்துவிடும். உழவனோ, தனியே நின்று அவ்வாராய்ச்சியைச் செய்வதற்கு ஆற்றலில்லாதவன். பயன் எல்லோருக்கும் உரியது. எவரும் அதற்கு வேலியிட்டு விலை வாங்கவியலாது. பொதுப்பணம் புகவேண்டிய இடம் இதுவேயாம். பயன் உழவனோடு நின்றதுமில்லை. விளைச்சல் பெருகி விலை தணியும்போது, ஒரு காணி வயலுமில்லாத நகரத்துக் கூலியாளன் அதனை நுகர்கின்றான். இறக்குமதிக்குச் செல்லவிருந்த அந்நியச் செலாவணி நாட்டிலே தங்குகின்றது.

எச்-4க்குங் குறையிருந்தது. உயர்ந்து வளரும் அந்நெல், உரம் மிகுந்தால் நிலத்திற் சாய்ந்துவிடும். 1966இல் பிலிப்பைன்ஸ் நாட்டு அனைத்துலக நெல்லாராய்ச்சி நிலையம் குறுந்தண்டுடைய ஐ.ஆர். 8ஐ வெளியிட்டது. நம்மவர் அதனைக் கண்டு, தம் நிலத்துக்கும் நோய்க்கும் ஏற்பத் தம் இனங்களைத் திருத்தினர். 1970இல் பீ.ஜீ. 11-11, 1975இல் பீ.ஜீ. 94-1 என்பன வந்தன. வாங்கிய அறிவைப் பயன்படுத்துவதற்கும் சொந்த அறிவு வேண்டுமென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பின்னர் வந்தது அறக்கொட்டி. பச்சை வயல் சில நாளில் வட்டவட்டமாகக் கருகிப்போகும் காட்சியைக் கண்டவர் அதனை மறவார். 1970களில் இப்பூச்சி பெருந்தொல்லையாயிற்று. கேரளத்துப் பட்டாம்பியிற் பேணப்பட்ட பீ.ரீ.பி. 33 என்னும் இனத்தின் எதிர்ப்பாற்றலைக் கலந்து, 1980இல் பீ.ஜீ. 379-2 வெளியிடப்பட்டது. உவர் ஏறும் நிலத்துக்கென அம்பலாந்தோட்டையில் ஏ.ரீ. 354 உருவாயிற்று, வாவியோரத்து வயலுடையோர் இதன் அருமையை நன்கறிவர். ஈண்டு ஒன்றைக் கவனித்தல் தகும். இவற்றுட் சில விளைச்சலைக் கூட்டுவதற்காக அன்றி, இருந்த விளைச்சலை இழவாதிருப்பதற்காகவே செய்யப்பட்டவை. பூச்சியும் நோயும் மாறிக்கொண்டேயிருப்பதால் ஆராய்ச்சி நின்றவிடத்தில் நிற்பதற்கே ஓடவேண்டியிருக்கின்றது. இழக்கப்படாத நெல் எந்தக் கணக்கேட்டிலும் வரவாகப் பதியப்படுவதில்லை.

பதியப்பட்ட கணக்கைப் பார்ப்போம். 1950களின் தொடக்கத்தில் நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ ஒன்றரை மெற்றிக் தொன். அண்மைய ஆண்டுகளில் நான்கரைத் தொன் அளவு. அன்று ஏறத்தாழ 6 இலட்சம் தொன்னாயிருந்த மொத்த நெல்லுற்பத்தி 2020இல் 50 இலட்சத்தைக் கடந்தது. இடையிற் குடித்தொகை 81 இலட்சத்திலிருந்து 2 கோடிக்கு மேலாயிற்று. இவ்வுயர்வு முழுதும் விதையால் வந்ததெனக் கூறின் அது பொய்யாகும். கல்லோயா போன்ற நீர்ப்பாசனத் திட்டங்கள், உரம், உத்தரவாத விலை யாவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும் நீரையும் உரத்தையும் மணியாக மாற்றவல்ல விதை இல்லாதிருப்பின், உரம் நெல்லைச் சாய்த்ததோடு நின்றிருக்கும்.

வெளிவாரி மாணவனாகப் பட்டப் பரீட்சைக்கு இரவில் தனித்திருந்து படித்த காலத்தில், சுவி கிரிலிக்கஸ் என்னும் பொருளியலாளர் 1958இற் செய்த கணிப்பொன்று என்னை வியக்கவைத்தது. அமெரிக்காவில் கலப்பினச் சோள ஆராய்ச்சிக்கு இட்ட பணம், சமுதாயத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 700 என்ற அளவிற் பயன் தந்ததென அவர் கண்டார். வியப்பு அடங்கியபின் ஓர் ஐயமும் எழுந்தது. வென்ற ஆராய்ச்சியை மட்டும் தெரிந்தெடுத்துக் கணக்கிட்டால் இலாபம் பெரிதாகத்தானே தோன்றும்? தோற்றவற்றின் செலவையும் சேர்த்தல் வேண்டும். சேர்த்தாலும் ஒரு வெற்றி பல தோல்விகளின் செலவை ஈடுசெய்துவிடும் என்பதே என் துணிபு. எச்-4 ஒன்றே பத்தலகொடவின் பல்லாண்டுச் சம்பளத்தைத் திருப்பித் தந்திருக்கும்.

அறிவுடையார் சொல்லைக் கேளாமையின் விலையையும் நாம் அறிந்துள்ளோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் குன்றுமென விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தனர். நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு முடியுந் தறுவாயிலிருந்தது. அப்போகத்தின் நாட்டு விளைச்சல் முந்திய ஆண்டினதைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. அரிசிக் கப்பல்கள் மறுபடியும் வந்தன. அவ்வாண்டு என் வகுப்பிற் படுவான்கரைப் பிள்ளைகள் சிலர் பரீட்சைக் கட்டணத்தைத் தவணை கேட்டனர்.

இன்று இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இடுவது ஏறத்தாழ 0.1 சதவீதம், அதாவது ஆயிரம் ரூபாவில் ஒரு ரூபா. தென்கொரியா நாற்பது ரூபாவுக்கு மேல் இடுகின்றது. இத்தொகையைக் குறைத்தால் அடுத்த போகத்தில் ஒன்றும் தெரியாது, அதற்கடுத்ததிலும் தெரியாது. ஒரு நெல்லினம் கலப்பிலிருந்து உழவன் கைக்கு வரப் பத்தாண்டளவு செல்கின்றது. இவ்வாண்டு கலக்கப்படும் நெல்லை விதைக்கப்போகிறவர்கள் இப்பொழுது நம் கீழ்வகுப்புக்களில் இருக்கின்றனர்.