வெடிக்கட்டும், வெளியே வராமல் இருந்தால் போதும்

இருட்டறையில் பழைய மின்விசிறிச் சுவிட்சை அணைக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? விளிம்பில் நீலமாக ஒன்று மின்னி மறையும். ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்க மனமில்லாமல், பிரியும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே காற்றையே பாதையாக்கிக்கொள்ளும் கணம் அது. அந்தப் பொறியின் வெப்பம் பல ஆயிரம் டிகிரி. ஆனாலும் வீட்டில் அதனால் கெடுதல் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் கதை வேறு.

நிலக்கரியோடு மீத்தேனும் மண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வெட்ட வெட்டக் கசியும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். அந்தப் பொறிக்கு ஒரு மில்லிஜூலில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல்கூடத் தேவையில்லை.

வேல்ஸ் நாட்டின் செங்கெனித் ஊரில் இருந்த சுரங்கம் 1901இல் ஒருமுறை வெடித்து 81 பேரைப் பலிகொண்டது. 1913 அக்டோபர் 14 அன்று மறுபடி வெடித்தது. 439 தொழிலாளர்களும் மீட்கப்போன ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டன் கண்ட சுரங்க விபத்துகளில் இதைவிடக் கொடியது இல்லை. தீ எங்கே பிறந்தது என்பதை ஐயமற நிறுவ முடியவில்லை. ஆனால் சந்தேகம் விழுந்த இடம் வியப்பானது: சைகை கொடுக்க வைத்திருந்த மின்மணியின் கம்பிகள். பேட்டரியில் ஓடும் சாதாரண மணி!

சரி, சுவிட்சை ஒரு பெட்டிக்குள் வைத்துக் காற்றே புகாமல் அடைத்துவிட்டால் என்ன? யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். ஆனால் பெட்டி மூச்சு விடும். வேலை நடக்கும்போது சூடாகி உள்ளிருக்கும் காற்று விரியும். நின்றதும் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கைப்பிடியின் தண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்திலும் வழி உண்டு. இன்றில்லாவிட்டால் நாளை வாயு உள்ளே போய்விடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பைலிங் இந்தச் சிக்கலைத் தலைகீழாகப் பார்த்தார். வாயு உள்ளே போகட்டும், வெடிக்கவும் செய்யட்டும். தீ மட்டும் வெளியே வரக்கூடாது. இன்று நாம் ‘ஃபிளேம்ப்ரூஃப்’ என்று சொல்லும் கனத்த பெட்டிகள் இந்த எண்ணத்தின் வாரிசுகள். உள்ளே மீத்தேன் வெடித்தால் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏழெட்டு மடங்கு ஏறும். அதைத் தாங்கத்தான் அந்தக் கனம். சூத்திரம் இருப்பது மூடியின் விளிம்பில். பெட்டியும் மூடியும் சேரும் இடத்தில் இழைத்த இரண்டு உலோக முகங்கள், சுமார் 25 மில்லிமீட்டர் அகலம், நடுவே அரை மில்லிமீட்டருக்கு மிகாத இடுக்கு. வெடித்த வாயு அந்த இடுக்கு வழியே பீறிட்டு வெளியேறும். போகும் வழியில் வெப்பத்தை இரும்பிடம் இழந்துவிடுவதால், வெளியே நிற்கும் மீத்தேனைப் பற்றவைக்க அதற்குத் தெம்பு இருக்காது. 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பிவலை போட்டதும் இதே தந்திரம்தான்.

இடுக்கின் அளவை வாயு தீர்மானிக்கிறது. 25 மில்லிமீட்டர் விளிம்பில் வைத்துச் சோதித்தால் மீத்தேன் தீ 1.14 மில்லிமீட்டர் வரை தாண்டாது. ஹைட்ரஜனோ 0.3 மில்லிமீட்டரிலேயே நழுவிவிடும். மீத்தேனுக்குச் செய்த பெட்டியை ஹைட்ரஜன் ஆலையில் மாட்டினால் அது வெறும் இரும்புப் பெட்டி. அலுமினியத்திலும் ஒரு வில்லங்கம் உண்டு. துருப்பிடித்த இரும்பில் அது மோதினால் தெறிக்கும் பொறி கடும் சூடானது. அதனால் நிலத்தடிச் சுரங்கங்களில் அலுமினியப் பெட்டிகளுக்குக் கட்டுப்பாடு.

துறைமுகத்தின் உப்புக்காற்றுக்கும் சிமெண்ட் ஆலைத் தூசிக்கும் தனிக் காப்பு இருக்கிறது. ‘ஐபி 66’ என்று அச்சிட்டிருந்தால் தூசியும் புகாது, பலமாகப் பீய்ச்சும் நீரும் புகாது. பலர் அதையே வெடிக்காப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெருந்தவறு. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் தீயைத் தடுக்காது.

இத்தனை நுணுக்கமாகச் செய்த பெட்டியைக் கெடுக்கப் பெரிய சதி எதுவும் வேண்டாம். எட்டு போல்ட்டில் ஒன்றை மாட்டாமல் விட்டால் போதும். துருப்பிடிக்காதிருக்க விளிம்பில் பெயிண்ட் பூசுவது, கேபிள் கழற்றிய ஓட்டையைத் துணியால் அடைப்பது, மின்சாரத்தை நிறுத்தாமலே மூடியைத் திறப்பது எல்லாம் அதே ரகம். தன்பாத்தில் உள்ள சுரங்க, எரிபொருள் ஆய்வு நிறுவனத்தில் பெட்டிக்குள் வாயுவை நிரப்பி, நிஜமாகவே வெடிக்க வைத்துச் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். அந்தச் சான்றிதழுக்கு உயிர் இருப்பது கடைசி போல்ட்டை முடுக்கும் வரைதான்.

நம் வீட்டுச் சுவிட்சுக்கு இந்த விளிம்பு எதுவும் கிடையாது. சமையல் எரிவாயு காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே பற்றும். ஆகவே வாசனை வந்தால் விளக்கைப் போடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் செய்யாதீர்கள், அணைக்கும்போதுதான் அந்த நீலப்பொறி. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து எரிவாயுக் கசிவு உதவி எண்ணான 1906க்குப் பேசுங்கள்.