கடன் வாங்கிய உடைகள்

நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்ணுக்கு உடை தைக்க வேண்டுமென்றால் அக்கால உடைப் படநூல்களைத்தான் புரட்டுகிறார்கள். 1562இல் பாரிஸில் ஃபிரான்சுவா தெப்ரே ஒன்று கொண்டுவந்தார். 1586இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் யோஸ்ட் அம்மானின் படங்களோடு பெண்கள் உடைக்கென்றே தனி நூல் வந்தது. இவற்றில் பெரும்புகழ் பெற்றது 1590இல் வெனிஸில் செசாரே வெசெல்லியோ வெளியிட்ட நூல். அவர் ஓவியர் டிஷியனின் உறவினர். அதில் 400க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள்.

தான் வாழ்ந்த வெனிஸைப் பற்றிச் சொல்லும்போது வெசெல்லியோவை நம்பலாம். வெனிஸ் பெண்கள் கூந்தலைப் பொன்னிறமாக்க மொட்டைமாடி மரமேடையில் வெயில் காய்ந்ததை அவர் படமாகவே தந்திருக்கிறார். உச்சிப்பகுதி இல்லாத தொப்பி. அதன் துளை வழியே கூந்தலை வெளியே எடுத்து விளிம்பில் பரப்பி, குச்சியில் கட்டிய கடற்பஞ்சால் மருந்துநீரைத் தடவித் தடவி நனைத்தார்களாம். முகம் கறுக்கக் கூடாது, முடி மட்டும் வெளுக்க வேண்டும்! கன்னி, மணமானவள், விதவை என நிலைக்கேற்ப உடை மாறுவதையும் பிரித்துக் காட்டுகிறார்.

தொலைதூர ஊர்ப் பெண்கள் விஷயம் வேறு. ஓவியங்கள், பிறர் தந்த தகவல்கள், முன்பு வந்த படநூல்கள் ஆகியவற்றை வைத்தே பல படங்கள் உருவாயின. ஒருவர் படத்தை இன்னொருவர் எடுத்தாள்வது அன்று சாதாரணம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அச்சிட்ட படத்தைப் பார்த்து அப்படியே பலகையிலோ செப்புத்தகட்டிலோ செதுக்கினால், தாளில் அது இடவலம் மாறி விழும். வலக்கையில் இருந்த விசிறி இடக்கைக்குப் போய்விடும். ஆகவே ஒரே பெண் ஒரு நூலில் இடப்பக்கமும் இன்னொன்றில் வலப்பக்கமும் பார்த்து நின்றால் இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டதாக மகிழ வேண்டாம். பெரும்பாலும் சாட்சி ஒருவர்தான், சில சமயம் அவரும் நேரில் பார்த்தவர் அல்லர்.

எல்லாமே கற்பனை என்று தள்ளவும் முடியாது. பியெத்ரோ பெர்தெல்லியின் செப்புத்தகட்டுப் படம் ஒன்றில் வெனிஸ் கணிகையின் பாவாடை தனித்தாளாக ஒட்டப்பட்டிருக்கிறது. தூக்கிப் பார்த்தால் உள்ளே ஆண்கள் அணிவது போன்ற கால்சட்டை, அதன் கீழே மிக உயரமான பாதக்குறடு. வெறும் குறும்பு என்று தோன்றும். ஆனால் வெனிஸின் கொர்ரேர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய அரை மீட்டர் உயரக் குறடுகள் இன்றும் இருக்கின்றன.