செம்பனைக் காட்டில் ஒரு கணக்கு

கணக்கை ரசிக்க என்ன வழி என்று கேட்கும் பிள்ளைக்கு அறிவுரை சொல்வதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கைச் சேர்ந்து போடுவது நல்லது. தேநீர் ஆறுவதற்குள் நாமும் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அதற்குப் புத்தகம்கூட வேண்டியதில்லை. கணக்கை ஏக்கர் ஏக்கராக நட்டு வைத்திருக்கிறார்கள்.

பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லிவந்த பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் தொடங்கினார். பின்னாளில் பால்மரம் நின்ற நிலங்களும் ஒன்றொன்றாகச் செம்பனைக்கு மாறின. இன்று வட சிலாங்கூரில் பல சாலைகளில் இரு பக்கமும் அதே மரம்தான்.

அந்த மரங்களுக்கு நடுவே நின்று நேரே பாருங்கள். ஒரு நிரை தெரியும். கொஞ்சம் திரும்பினால் சாய்வாக இன்னொரு நிரை. இன்னும் திரும்பினால் மூன்றாவது. எந்த மூன்று அண்டை மரங்களை எடுத்தாலும் அவை மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தில் நிற்பதுதான் காரணம். மரத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி 9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பல தோட்டங்களில் அளவு அதை ஒட்டியே இருக்கும். இப்போது நம் கேள்வி: ஒரு ஹெக்டேரில், அதாவது 10,000 சதுர மீட்டரில், எத்தனை மரம் நிற்கும்?

கெட்டிக்காரப் பிள்ளை உடனே 9-ஐ 9-ஆல் பெருக்கும். ஒரு மரத்துக்கு 81 சதுர மீட்டர். 10,000-ஐ 81-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 123 மரம். பெருக்கலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆனால் தோட்டத்தில் போய் எண்ணினால் மரம் அதிகமாக இருக்கும்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். 9 மீட்டர் என்பது இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள தூரம். ஒரு மரத்துக்குக் கிடைக்கும் நிலம் என்பது வேறு விஷயம். பள்ளியில் பரப்பளவை முதலில் கட்டங்களில் படித்ததால், தூரத்தைப் பார்த்ததும் அதை அதனாலேயே பெருக்கக் கை பழகிவிட்டது. அதனால் வந்த 123 உளறல் அல்ல. மரங்களைச் சதுரமாக நட்டிருந்தால் அதுதான் சரியான விடை. வேறொரு தோட்டத்தின் கேள்விக்கு நாம் பதில் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லும் பிள்ளைகளில் பலருக்கு நடந்திருப்பது இதுவே.

சரி, நம் தோட்டத்துக்கு வருவோம். காகிதத்தில் ஒரு நிரையைப் புள்ளிகளாக வையுங்கள். அடுத்த நிரையின் மரம், முதல் நிரையின் இரண்டு மரங்களுக்கு நடு இடைவெளியைப் பார்த்தபடி நிற்கும். அப்படியானால் நிரைக்கும் நிரைக்கும் உள்ள தூரம் 9 மீட்டர் இல்லை, அதைவிடக் குறைவு. எவ்வளவு என்று காண, முக்கோணத்தை நடுவில் இரண்டாகப் பிளப்போம். கிடைக்கும் செங்கோண முக்கோணத்தில் சாய்ந்த பக்கம் 9, அடிப்பக்கம் 4.5. இடைநிலைப்பள்ளியில் படித்த பித்தாகோரஸ் தேற்றம் உயரத்தைச் சொல்லிவிடும்: ஏறக்குறைய 7.8 மீட்டர்.

இனி எளிது. நிரைக்குள் இடைவெளி 9, நிரைகளுக்கு நடுவே 7.8. ஒரு மரத்துக்கான நிலம் சுமார் 70 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு ஏறக்குறைய 143 மரம். ஏக்கர் கணக்கில் பழகிய பெரியவர்களுக்கு இதையே வேறு விதமாகச் சொல்லலாம்: சதுரமாக நட்டால் 50, முக்கோணமாக நட்டால் 58. சாலைக்கும் வாய்க்காலுக்கும் விட்ட இடத்தைக் கழித்தால் எண்ணிக்கை குறையும், ஒப்பீடு மாறாது. எந்த மரமும் இன்னொன்றை 9 மீட்டருக்குள் நெருங்கவில்லை. அப்படியிருந்தும் ஏக்கருக்கு எட்டு மரம் கூடுதல்.

எட்டும் எங்கிருந்து வந்தன? சட்டைப்பையில் உள்ள பத்துக் காசுகளை மேசையில் போடுங்கள். ஒவ்வொரு காசும் ஒரு மரத்தின் மட்டை விரிந்த வட்டம். நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றி அடுக்கினால், சரியாக ஆறு காசுகள் ஒன்றையொன்று தொட்டபடி உட்காரும். சதுரமாக அடுக்கினால் நடுக்காசைத் தொடுபவை நான்குதான். நான்கு காசுகளுக்கு நடுவே பெரிய ஓட்டை தெரியும். தோட்டத்தில் அந்த ஓட்டை வழியே வெயில் மட்டையில் படாமல் தரையில் வீணாகும். சதுர அடுக்கில் வட்டங்கள் நிலத்தில் 78.5 விழுக்காட்டை மூடுகின்றன. முக்கோண அடுக்கில் 90.7. இதைவிட நெருக்கமாக ஒரே அளவு வட்டங்களை அடுக்கவே முடியாது. கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் இதற்கு, நார்வேயின் கணித அறிஞர் தூவே தொடங்கி ஹங்கேரியின் ஃபெயெஷ் தோத் 1940-இல் முடிக்கும்வரை, முழுமையான நிரூபணம் கிடைக்கவில்லை.

இன்னும் ஒரு படி. இடைவெளியை 9-க்குப் பதில் 6 என்றோ 20 என்றோ மாற்றிப் பாருங்கள். மரங்களின் எண்ணிக்கை மாறும். ஆனால் முக்கோணம் சதுரத்தைவிடத் தரும் கூடுதல் எப்போதும் 15 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். கணக்குக்குள் 9 என்ற எண் தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. செம்பனையைப் பற்றிக் கேட்கத் தொடங்கி, எல்லா முக்கோணத்துக்கும் எல்லாச் சதுரத்துக்கும் பொதுவான ஒன்றில் வந்து நிற்கிறோம். கணக்கில் ருசி என்று சொல்வது இதைத்தான். மனப்பாடம் செய்த சூத்திரம் விடைவரை கொண்டுவிடும். எண்ணை மாற்றிப் பார்க்கும் பழக்கம்தான் அதற்கப்பாலும் அழைத்துப்போகும்.

இனி உங்கள் முறை. சதுப்புக்காட்டு மண்ணில் செம்பனை அவ்வளவு செழித்து விரியாது என்பதால், 8.5 மீட்டர் இடைவெளியில் நெருக்கி நடுவார்கள். ஹெக்டேருக்கு எத்தனை மரம்? 160-ஐ ஒட்டி வந்தால் சரி. 138 வந்தால் அழித்துவிடாதீர்கள்; அது எந்தத் தோட்டத்தின் விடை என்று பக்கத்தில் எழுதிவிட்டு, மறுபடி படம் போடுங்கள்.