வெளிநாட்டுக்குப் போன வேலையும் வெள்ளம் வந்த நாளும்

லண்டன் வங்கியின் கணக்கு வேலையைச் சென்னையிலோ மணிலாவிலோ உட்கார்ந்து செய்வது இன்று சாதாரணம். இப்படி வேலையை வெளியே கொடுப்பதுதான் அவுட்சோர்சிங். செலவு குறையும்; கூடவே வேலை போய்ச் சேர்ந்த ஊரின் மழையும் மின்தடையும் ஊரடங்கும் அந்த வங்கியின் கவலைகளாகிவிடும். வேலையைக் கைமாற்றலாம், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கைமாற்ற முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 17 முதல் அமலுக்கு வந்த 'டோரா' விதிமுறை, நிதி நிறுவனங்களுக்கு இதைச் சட்டமாகவே சொல்கிறது.

ஆபத்து எங்கே ஒளிந்திருக்கும் என்பதைச் சென்னையில் 2015 டிசம்பர் காட்டியது. முதல் தேதி பெய்த பேய்மழையில் அடையாறு கரை புரண்டது. ஓடுபாதையில் வெள்ளம் புகுந்து சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்களை இயக்க வேண்டியதாயிற்று. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களில் ஜெனரேட்டரும் மாற்று இணைப்பும் இருந்து என்ன பயன்? வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்றவர்கள் வேலைக்கு வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. சில நிறுவனங்கள் ஊழியர்களைப் பெங்களூருக்கு அனுப்பி, அவசர வேலைகளை அங்கிருந்து முடித்தன. வருவாய் பாதிக்கப்படும் என்று மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ் பங்குச் சந்தைக்கே தெரிவித்தது. கட்டடத்தைக் காக்கும் திட்டம் ஊழியரின் வீட்டையும், அவர் வரும் வழியையும் கணக்கில் எடுக்காவிட்டால் அது அரைத் திட்டம்தான்.

ஒப்பந்தத்தில் இரண்டு அளவுகள் எண்ணாகவே இருக்க வேண்டும். ஒன்று, தடைபட்ட சேவை எத்தனை மணி நேரத்துக்குள் மீள வேண்டும் என்பது. மற்றொன்று, கடைசியாகப் பிரதி எடுத்த பிறகு சேர்ந்த தரவில் எவ்வளவு நேரத்துப் பதிவு போனால் தாங்கலாம் என்பது. பணப் பரிமாற்றத்துக்குச் சில நிமிடங்களே அதிகம். சம்பளப் பட்டியலுக்கு, மாதக் கடைசி தவிர, ஓரிரு நாள் பொறுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே கெடு வைப்பது பண விரயம்.

ஓர் ஊரில் தடைபட்ட வேலையைத் தொடர, மாற்று மையத்தையும் அதன் இணைப்பையும் எங்கே வைப்பது என்பதுதான் கடினமான கேள்வி. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே கடலடியில் இரண்டு இணையக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையத் திறனில் பெரும்பகுதி முடங்கியது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தும், இரண்டு கம்பிகளும் ஒரே கடற்பாதையில் கிடந்தால் அது ஒரே இணைப்புதான். பசிபிக் வழியாகவும் பாதை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். நாடுகளைப் பிரித்து வைப்பதும் எப்போதும் உதவுவதில்லை. 2020 மார்ச்சில் மணிலாவும் இந்திய நகரங்களும் சில நாட்கள் இடைவெளியில் அடைபட்டன. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான தொலைத்தொடர்பு விதிகளை இந்திய அரசு தளர்த்தியது. ஆனால், வங்கித் தரவை ஊழியரின் வீட்டுக் கணினியில் திறக்கலாமா என்று முன்பே பேசி வைக்காதவர்கள் அந்த வாரத்தில்தான் பேசத் தொடங்கினார்கள்.

இயற்கைச் சீற்றத்தின்போது பொறுப்பிலிருந்து விலக்களிக்கும் பிரிவு அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அதை அப்படியே விட்டால், எந்த நாளுக்காக மாற்று ஏற்பாடு செய்யப்பட்டதோ அந்த நாளிலேயே அது கைகொடுக்காது. பருவமழைக்காலத்தில் வழக்கமாக வரும் வெள்ளத்தை 'எதிர்பாராதது' என்று சொல்ல இடம் தரக் கூடாது. துணை ஒப்பந்தக்காரர்கள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் தேவை. ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்று மையத்திலிருந்து உண்மையான வேலையைச் செய்து பார்க்க வேண்டும். காகிதத்தில் நடத்தும் ஒத்திகைகள் அநேகமாக எப்போதும் வெற்றிதான். தேவைப்பட்டால் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையையும் எழுதி வாங்குவது வழக்கம். அந்த வேலை தெரிந்த சிலரையாவது சொந்த அலுவலகத்தில் வைத்திருந்தால்தான் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியும்.