அனைத்துத் தரை டயர்

அனைத்துத் தரை டயர் என்பது தார்ச்சாலை, சரளைப் பாதை, மணல், பாறை, ஈரமண் ஆகிய பலவகைத் தரைகளிலும் ஓடத்தக்கவாறு வடிவமைக்கப்பட்ட வாகன டயர் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது ஏ/டி டயர் என்றும் அழைக்கப்படுகிறது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப், எஸ்யூவி, பிக்கப் ஆகிய வண்டிகளில் இது பெரும்பாலும் பொருத்தப்படுகிறது. எல்லாத் தரைகளிலும் ஓரளவு நன்றாக இயங்குவதே இதன் நோக்கம். எந்த ஒரு தரையிலும் இது அத்தரைக்கெனவே செய்யப்பட்ட டயருக்கு ஈடாகாது.

நான்கு சக்கர இயக்கத்தில் பொறியின் ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. எனினும் வண்டி தரையைத் தொடுவது ஏறத்தாழ ஒரு கையளவே உள்ள நான்கு இடங்களில் மட்டுமே. அவ்விடங்களில் கிடைக்கும் பிடிப்பே வண்டி நகர்வதற்கும், திரும்புவதற்கும், நிற்பதற்கும் எல்லையாக அமைகிறது. மேலும், நான்கு சக்கர இயக்கம் வண்டி நகரத் தொடங்குவதற்கு உதவுமே தவிர, நிறுத்தும் தூரத்தைக் குறைப்பதில்லை. எல்லா வண்டிகளிலும் தடை நான்கு சக்கரங்களிலும் செயற்படுவதே இதற்குக் காரணம்.

அமைப்பு

டயரின் வெளிப்பரப்பில் உள்ள இரப்பர்க் கட்டைகள் பேச்சு வழக்கில் பட்டன்கள் எனப்படுகின்றன. அவற்றுக்கு இடையில் காடிகள் அமைந்துள்ளன. தார்ச்சாலையில் இரப்பர் எவ்வளவு பரப்பில் தொடுகிறதோ அவ்வளவு நன்று. மாறாக, இளகிய மண்ணில் பட்டன்களின் ஓரங்கள் மண்ணைக் கவ்விப் பிடிக்க வேண்டும். காடிகள் சேற்றை வெளியே தள்ள வேண்டும். அனைத்துத் தரை டயரில் பட்டன்கள் நெடுஞ்சாலை டயரில் உள்ளவற்றை விடப் பெரியனவாகவும், காடிகள் அகலமாகவும் ஆழமாகவும் உள்ளன.

பட்டன்களின் மேல் காணப்படும் மெல்லிய கீறல்கள் ஈரத்தரையிலும் பனியிலும் கூடுதல் ஓரங்களைத் தந்து பிடிப்பை உயர்த்துகின்றன. காடிகளின் அடியில் உள்ள சிறு மேடுகள் கற்கள் சிக்கிக்கொண்டு உள்ளே துளைப்பதைத் தடுக்கின்றன. கூரிய பாறைகளால் எளிதில் கிழிபடும் பகுதி பக்கச்சுவர் ஆகும். பக்கச்சுவரில் ஏற்படும் கிழிசலை பஞ்சர் ஒட்டுவது போல் பாதுகாப்பாகச் சரிசெய்ய இயலாது என்பதால், பல அனைத்துத் தரை டயர்களில் அப்பகுதி கூடுதல் இழை அடுக்குகளால் வலுவூட்டப்படுகிறது.

வகைகள்

நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான டயர்கள் பொதுவாக மூன்று வகைப்படும்.

* நெடுஞ்சாலை டயர் (எச்/டி): ஓசையும் உருளல் தடையும் குறைவு. ஈரமான தார்ச்சாலையில் தடை பிடிக்கும்போது நன்கு செயற்படும். சேற்றில் காடிகள் விரைவில் அடைபட்டு வழுக்கும்.
* அனைத்துத் தரை டயர் (ஏ/டி): சரளை, மண் பாதைகளுக்கு ஏற்றது. ஓசையும் எரிபொருட் செலவும் சற்றுக் கூடுதல்.
* சேற்றுத் தரை டயர் (எம்/டி): பெரிய பட்டன்களும் மிக அகன்ற காடிகளும் கொண்டது. ஆழ்ந்த சேற்றிலும் பாறையிலும் சிறந்தது. தார்ச்சாலையில் பேரோசை எழுப்பும். ஈரச்சாலையில் நிற்கும் தூரம் கூடும்.

வரலாறு

மிச்செலின் நிறுவனம் 1946 ஆம் ஆண்டில் ஆரை இழை டயருக்குக் காப்புரிமை பெற்றது. இவ்வகையில் இழைகள் டயரின் குறுக்கே ஆரைப் போக்கில் அமைவதால் பக்கச்சுவர் எளிதில் வளைகிறது. மேற்பரப்பு தரையில் தட்டையாகப் படிகிறது. பிஎஃப் குட்ரிச் நிறுவனம் 1976 இல் ஆரை இழை அமைப்பிலான அனைத்துத் தரை டயரை அறிமுகப்படுத்தியது. அதன் பின்னர் இவ்வகை டயர்கள் பரவலாயின.

பக்கச்சுவர்க் குறியீடுகள்

எடுத்துக்காட்டாக 245/75 ஆர்16 111எஸ் என்னும் குறியீட்டைக் கொள்ளலாம்.

* 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
* 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் விழுக்காடாக. இங்கு 183.75 மி.மீ.
* ஆர் என்பது ஆரை இழை அமைப்பு.
* 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.
* 111 என்பது சுமைக் குறியெண். ஒரு டயர் 1090 கிலோகிராம் வரை தாங்கும்.
* எஸ் என்பது வேகக் குறியீடு. மணிக்கு 180 கி.மீ. வரை.

அளவின் முன் எல்டி என்னும் எழுத்துகள் இருப்பின் அது இலகுரகச் சரக்கு வண்டிகளுக்கான டயர் ஆகும். இது வலிமை மிக்கது. எனினும் எடை கூடியது, அதே சுமையைத் தாங்க உயர்ந்த காற்றழுத்தம் தேவைப்படுவது. எனவே பழைய டயருக்குரிய காற்றழுத்தத்தையே இதற்கும் பயன்படுத்துதல் தவறாகும்.

எம்+எஸ் என்னும் குறி, சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற காடி வடிவம் உண்டு என்பதை மட்டுமே குறிக்கிறது. மூன்று மலைமுகடுகளுக்குள் பனித்துகள் வரையப்பட்ட சின்னமோ, பனித்தரைச் சோதனையில் தேறிய டயருக்கே வழங்கப்படுகிறது. செருமனியில் 2024 அக்டோபர் முதல் இச்சின்னம் உள்ளவையே குளிர்காலத்துக்குரிய டயர்களாக ஏற்கப்படுகின்றன.

தெரிவு செய்தல்

முதலில் கருத வேண்டியது வண்டி உண்மையில் எங்கு ஓடுகிறது என்பதாகும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் மண் பாதையில் செல்லும் வண்டிக்கு நெடுஞ்சாலை டயரே போதுமானது. ஏனெனில் எஞ்சிய நாட்களில் ஈரச்சாலையில் விரைந்து நிற்பதே உயிர்காக்கும் தேவையாக இருக்கும். சரளைப் பாதையில் அடிக்கடி செல்வோருக்கும், பஞ்சர் ஏற்பட்டால் உதவி கிட்டாத தொலைவுகளுக்குச் செல்வோருக்கும் அனைத்துத் தரை டயர் பொருந்தும்.

அடுத்தது அளவு ஆகும். தோற்றத்துக்காகப் பெரிய டயர் பொருத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. இதன் விளைவைக் கணக்கிட்டு அறியலாம். 245/75 ஆர்16 டயரின் முழு விட்டம் சுமார் 774 மி.மீ. அதற்குப் பதிலாக 265/75 ஆர்16 பொருத்தினால் விட்டம் சுமார் 804 மி.மீ. ஆகிறது. இது 3.9 விழுக்காடு கூடுதல். முன்பு சரியாகக் காட்டிய வேகமானி இப்போது 100 எனக் காட்டும்போது வண்டி ஏறத்தாழ 104 கி.மீ. வேகத்தில் ஓடும். சக்கரம் தரையில் செலுத்தும் இழுவிசையும் ஏறத்தாழ அதே அளவு குறையும். தரையிடைவெளியில் கிடைக்கும் ஆதாயம் விட்டத்தின் வேறுபாட்டில் பாதியே, அதாவது 15 மி.மீ. மட்டுமே.

சுமைக் குறியெண் வண்டியின் கையேட்டில் உள்ளதை விடக் குறைவாக இருத்தல் கூடாது. நான்கு டயர்களும் ஒரே அளவும் ஒத்த தேய்மானமும் கொண்டிருத்தல் வேண்டும். விட்டங்கள் வேறுபட்டால் முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல முற்பட்டு, ஆற்றலைப் பகிரும் உறுப்புகளில் தேவையற்ற முறுக்கம் ஏற்படுகிறது. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

காற்றழுத்தம்

ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோகிராம் சுமை இருப்பதாகக் கொள்வோம். காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ எனில் டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 200 சதுர செ.மீ. அழுத்தத்தை 16 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. இப்பரப்பு அகலவாக்கில் அன்றிப் பெரும்பாலும் நீளவாக்கிலேயே வளர்கிறது. சுமை பரவுவதால் சக்கரம் மணலில் புதைவது குறைகிறது. ஆத்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனம் போன்ற இடங்களில் பயணிப்போர் காற்றைக் குறைத்து ஓட்டுவது இதனாலேயே. அவ்வாறு ஓட்டும்போது வேகத்தைக் குறைப்பதும், தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் மீண்டும் காற்று நிரப்புவதும் கட்டாயமாகும். ஆகவே சிறு காற்றடிப்பான் உடன் இருத்தல் வேண்டும்.

குறைந்த காற்றுடன் விரைந்து ஓடும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக வளைந்து சூடாகிறது. வெப்பம் இரப்பருக்கும் எஃகுப் பட்டைகளுக்கும் இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. 2000 ஆகத்தில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏடிஎக்ஸ், வில்டர்னெஸ் ஏடி வகைகளைச் சேர்ந்த, பயன்பாட்டில் இருந்த சுமார் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. இவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்தன. ஓடும்போது மேற்பரப்பு பிரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் ஐக்கிய அமெரிக்காவில் 270 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஃபோர்டு டயரின் குறையைச் சுட்டியது. ஃபயர்ஸ்டோன் அவ்வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்ட 26 பிஎஸ்ஐ என்னும் குறைந்த காற்றழுத்தத்தையும் வண்டியின் வடிவமைப்பையும் சுட்டியது. இந்நிகழ்வை அடுத்து 2000 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாகவே அந்நாட்டின் புதிய கார்களில் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

ஆயுளும் பராமரிப்பும்

டயர் உற்பத்தியான காலம் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களால் குறிக்கப்படுகிறது. 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தைக் குறிக்கும். பட்டன்கள் தேயாவிடினும் இரப்பர் காலப்போக்கில் இறுகி வெடிப்புறும். அரிதாகப் பயன்படும் வண்டிகளிலும் ஸ்டெப்னியிலும் இது கவனிக்கப்படாமல் போவதுண்டு. ஆறு ஆண்டுகளில் மாற்றும்படி பல வாகன உற்பத்தியாளர்கள் பரிந்துரைக்கின்றனர். பத்து ஆண்டுகளுக்கு மேல் எந்நிலையிலும் பயன்படுத்தலாகாது என்பது டயர் உற்பத்தியாளர் பலரின் அறிவுரை.

காடியின் ஆழம் 1.6 மி.மீ. ஆகக் குறைவதைப் பல நாடுகளின் சட்டங்கள் இறுதி எல்லையாகக் கொள்கின்றன. ஆயினும் சேற்றில் பிடிப்புத் தரும் ஆழம் அதற்கு நெடுநாள் முன்பே தீர்ந்துவிடும். குறித்த இடைவெளியில் சக்கரங்களை இடம் மாற்றிப் பொருத்துவதால் பட்டன்கள் சீராகத் தேயும். காற்றழுத்தத்தை, வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்த நிலையில் அளத்தல் வேண்டும்.